முருகைக்கல் தொட்டியில் ஒரு சுண்ணாம்புக் கணக்கு

நெடுந்தீவுக்குப் போனவர்கள் அந்த மதில்களை மறந்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனையோலையாலும் கிடுகாலும் வேலி அடைத்த காலத்தில் அங்கே முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியே வளவு பிரித்திருக்கிறார்கள். சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. அடுத்த முறை போனால் ஒரு கல்லுக்குக் கிட்டக் குனிந்து பாருங்கள். மேலெல்லாம் சின்னச் சின்னப் பூக்களை அச்சுக் குத்தியதுபோல இருக்கும். ஒவ்வொரு பூவுக்குள்ளும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் ஓடும். அந்தப் பூ ஒவ்வொன்றும் ஒரு சின்ன உயிர் குடியிருந்த வீடு. குடியிருந்தது போய் எத்தனையோ காலம். கட்டிய வீடு மட்டும் மதிலாக நிற்கிறது.

பவளம் என்ற அந்த உயிரை வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மீன் தொட்டி என்றால் மீனுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். பவளத் தொட்டியில் தண்ணீருக்கே சாப்பாடு போட வேண்டும் என்பது எனக்கு விளங்க ஒரு வருடம் பிடித்தது. அந்தச் சாப்பாடு சுண்ணாம்பு. அதை அளக்கும் எண்ணுக்குக் காரத்தன்மை என்று பெயர். தொட்டி வைத்திருப்பவர்கள் சுருக்கமாகக் கேஎச் என்பார்கள். விளக்கு, மோட்டர், மீன் வகை பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லித் தருவார்கள். கேஎச் பற்றி யாரும் முதல் நாளிலேயே உட்கார்த்திச் சொல்வதில்லை. அதனால் மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிட்டு இதிலேயே நிற்கப் போகிறேன்.

ஓட்டமாகச் சொல்ல வேண்டியவை இவை. கடல்நீரின் உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35 பங்கு; தன்னீர்ப்பு மானியில் ஏறத்தாழ 1.025. வெப்பநிலை 25க்கும் 27க்கும் இடையில் இருந்தால் நல்லது. புதுத் தொட்டிக்குள் உடனே எதையும் விடக்கூடாது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அதற்கு மூன்று முதல் ஆறு கிழமை எடுக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் சுழிக்கு வந்த பிறகுதான் உயிர்கள். தொடக்கத்தில் காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள் போதும். அவை தவறுகளைப் பொறுக்கும். சொவாந்தஸ் வகையும் பொறுக்கும், ஆனால் அதன் உறவுக்காரச் சில இனங்களில் கடும் நஞ்சு இருக்கிறது. கையுறை போடாமல் தொடாதீர்கள், அவை ஒட்டியிருக்கும் கல்லை ஒருபோதும் கொதிநீரில் போடாதீர்கள். ஆவியாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உலகில் இருக்கிறார்கள்.

இன்னொன்று. புங்குடுதீவிலும் மண்டைதீவிலும் கண்ணெதிரே கடலில் கல் இருக்கிறதே, ஒரு துண்டு உடைத்து வந்தால் என்ன என்று கேட்கும் தம்பிமார் இருக்கிறார்கள். வேண்டாம். இலங்கையில் முருகைக்கல்லை உடைப்பதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம். கரையில் ஒதுங்கிக் கிடப்பதையும் விட்டுவிடுங்கள். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி வெளிறிப்போன பவளப் பார்கள் இன்னும் தேறிக்கொண்டிருக்கின்றன. தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டா, உரிய அனுமதியோடு வந்ததா என்று கேட்டு, தாளைப் பார்த்து வாங்குங்கள். பெருவிரல் அளவுத் துண்டு போதும். அதிலிருந்து வளர்வதைப் பார்ப்பதுதான் இந்த வேலையின் முழுச் சந்தோஷமும்.

கல் எங்கிருந்து வருகிறது

பவளம் ஒரு விலங்கு. இன்னும் சரியாகச் சொன்னால் ஒட்டிப் பிறந்த விலங்குகளின் கூட்டம். அதன் தோலுக்குள் ஒற்றைக் கலப் பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தில் அந்தப் பாசிகள் சமைப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. அதனால்தான் பவளத் தொட்டிக்கு நல்ல விளக்கு வேண்டியிருக்கிறது.

சாப்பிட்டுத் தெம்பு வந்ததும் அது செய்யும் வேலை கட்டடம். கடல்நீரில் கரைந்திருக்கும் கல்சியத்தை எடுக்கிறது; காபனேற்றை எடுக்கிறது. இரண்டையும் தன் தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு இடுக்கில் சேர்த்துக் கல்சியம் காபனேற்றுப் பளிங்காகப் படிய வைக்கிறது. அந்தப் பளிங்குக்கு அரகோனைற்று என்று பெயர். படிய வைக்கும்போது அங்கே அமிலத்தன்மை கூடும். அதை வெளியே தள்ளினால்தான் கல் தொடர்ந்து படியும். தள்ளுவதற்குச் சக்தி வேண்டும். ஆகவே பகலில், பாசிகள் சமைக்கும் நேரத்தில், கட்டுமானம் வேகமாக நடக்கும். இரவில் மெதுவாகும்.

கல்சியம் காபனேற்று எங்களுக்குப் புதிய பொருள் இல்லை. சிப்பி அதுதான், முட்டைக்கோது அதுதான், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகத் தோண்டிய கல்லும் அதுதான். குடாநாடு முழுவதுமே சுண்ணாம்புக்கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. புவியியலில் மயோசீன் என்று சொல்லும் காலத்தில், அதாவது 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை நீண்ட காலத்தில், ஆழமில்லாத கடலில் படிந்த கல் இது. நாங்கள் கிணறு வெட்டும்போது உடைப்பது பழைய கடலடியை.

சரி, தொட்டிக்கு வருவோம். கடல் பெரியது. ஒரு பார் முழுக்கக் கல் கட்டினாலும் கடல்நீரில் சரக்கு குறைவதில்லை. 200 லீற்றர் தொட்டியில் அப்படி இல்லை. பத்துத் துண்டு கல்பவளம், அதாவது கல் கட்டும் வகைப் பவளம், நன்றாக வளரத் தொடங்கினால் தண்ணீரில் இருந்த சரக்கு நாளுக்கு நாள் இறங்கும். வளர்த்தியின் வேகம் கூடக்கூட இறக்கமும் கூடும். தொட்டி நன்றாக இருக்கும்போதுதான் இந்தப் பிரச்சினை வரும். எல்லாம் செழிப்பாக இருக்கிறது என்று நாம் கைகட்டி நிற்கும் மாதத்தில் பவளம் தண்ணீரைத் துடைத்து எடுத்திருக்கும்.

கேஎச் என்றால் என்ன

காரத்தன்மை என்பது தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்ற அளவு. கடல்நீரில் அதைத் தாங்குபவை பெரும்பாலும் இருகாபனேற்றும் கொஞ்சம் காபனேற்றும். பவளம் கல் கட்ட எடுப்பதும் இவற்றைத்தான். ஆகவே கேஎச் பார்த்தால், கட்டடச் சரக்கு எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அலகு ஜேர்மன்காரர் வைத்த பாகை. இயற்கைக் கடல்நீரில் ஏறத்தாழ 7. தொட்டியில் 8க்கும் 9க்கும் இடையில் வைத்தால் வசதி.

தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானத்தையும் இதையும் பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நிமிடம் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்பது பிஎச். இறைக்க இறைக்க மட்டம் விழாமல் தாங்கும் ஊற்று இருக்கிறதே, அது கேஎச். நீர்மட்டம் காலையில் ஒன்று, இறைத்தபின் ஒன்று. தொட்டியிலும் பிஎச் இரவில் இறங்கும், பகலில் ஏறும். அதைத் துரத்திக்கொண்டு திரியத் தேவையில்லை. ஊற்று வற்றாமல் பார்த்தால் மட்டம் தானாக நிற்கும்.

இனி ஒரு கேள்வி வரும். பவளம் கல்சியத்தையும்தானே எடுக்கிறது, பிறகேன் கேஎச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று. நல்ல கேள்வி. இதன் விடையில்தான் தொட்டி வளர்ப்பின் பாதிச் சூட்சுமம் இருக்கிறது.

பவளம் இரண்டையும் ஒரு நிலையான விகிதத்தில் எடுக்கிறது. கேஎச் 1 பாகை இறங்கினால் கல்சியம் லீற்றருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் இறங்கியிருக்கும். தொட்டியில் கல்சியம் இருப்பதோ 420 அளவில். 420இல் 7 போனால் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. வீட்டில் நாம் பார்க்கும் சோதனைக் கருவி அந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது. ஆனால் கேஎச் 8 இருந்த இடத்தில் 1 போனால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. கல்சியப் பெட்டகம் பெரியது, மெதுவாகக் கரையும். கேஎச் பெட்டகம் சின்னது, கிழமைக்குள் வெறுமையாகும். சின்னப் பெட்டகத்தை நாள்தோறும் பாருங்கள்; பெரியதை மாதத்துக்கு இரண்டு முறை பார்த்தால் போதும்.

மக்னீசியம் மூன்றாவது ஆள். அது 1300 அளவில் இருக்க வேண்டும். கடல்நீரில் கல்சியமும் காபனேற்றும் தாங்களாகவே கல்லாகிப் படியக்கூடிய அளவுக்கு நிறைந்திருக்கின்றன. படியவிடாமல் இடையில் புகுந்து தடுப்பது மக்னீசியம். அது குறைந்தால் மோட்டருக்குள்ளும் மணலிலும் வெள்ளைப் படலம் கட்டும், நீங்கள் எவ்வளவு சுண்ணாம்பு விட்டாலும் கேஎச் ஏறாது. இப்படி ஏறாமல் அடம்பிடித்தால் முதலில் மக்னீசியத்தைப் பாருங்கள்.

சொட்டு எண்ணுதல்

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு நியமிப்பு ஞாபகம் இருக்கும். கேஎச் சோதனை அதேதான், அளவி மட்டும் இல்லை. சின்னக் குழாயில் 5 மில்லிலீற்றர் தொட்டித் தண்ணீர். அதில் சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நான் பாவிக்கும் கருவியில் முதல் சொட்டுக்கு நீலம் வரும். ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்க வேண்டும். ஏழாவது சொட்டு விழும்போது விழுந்த இடத்தில் மட்டும் மஞ்சள் ஒரு கீற்றாக ஓடி மறையும். எட்டாவதில் முழுக் குழாயும் பச்சைக்குப் போய் ஒரு கணம் தயங்கி மஞ்சளாகும். எத்தனை சொட்டோ அத்தனை பாகை. 10 மில்லிலீற்றர் எடுத்துச் சொட்டுகளை இரண்டால் பிரித்தால் அரைப் பாகை வரை துல்லியம் கிடைக்கும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, ஊசியில்லாச் சிரிஞ்சியால் அளந்து விடும் கருவிகள் இருக்கின்றன. கல்பவளம் வைத்தவர்கள் அதை வாங்குவது நல்லது.

ஒரே நேரத்தில் பாருங்கள். நான் காலையில் விளக்கு எரிய முன் பார்ப்பேன். கொப்பியில் திகதியும் எண்ணும் மட்டும். திங்கட்கிழமை 8.4, வியாழக்கிழமை 7.8 என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் 0.6 போயிருக்கிறது, நாளுக்கு 0.2. இந்த 0.2தான் உங்கள் தொட்டியின் பசி. வேறொருவர் தொட்டியின் அளவைக் கேட்டு அதன்படி மருந்து விடுவது வேலைக்காகாது. அவருடைய பவளம் வேறு, விளக்கு வேறு.

திருப்பிக் கொடுத்தல்

மென்பவளம் மட்டும் என்றால் கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் புதுத் தண்ணீரோடு வரும் சரக்கே போதும். கல்பவளம் வந்தபின் அது போதாது.

அப்பச்சோடா எல்லாக் கடையிலும் இருக்கிறது. அது சோடியம் இருகாபனேற்று. வேறொன்றும் கலக்காததாக இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடாதீர்கள். 100 லீற்றர் தொட்டியில் 3 கிராம் அப்பச்சோடா கேஎச்சை 1 பாகை உயர்த்தும். 200 லீற்றரில் நாளுக்கு 0.2 இறங்குகிறது என்றால் 1.2 கிராம் போதும். ஒரு கிளாஸ் சுத்தத் தண்ணீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் மெல்ல ஊற்றலாம். கல்சியத்தைத் தனியாகக் கல்சியம் குளோரைட்டாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே கிளாஸில் கலந்தால் உங்கள் கண்முன்னே பால்போல வெளுத்துக் கல்லாகிவிடும். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் விடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி சுண்ணாம்பு நீர். நீற்றிய சுண்ணாம்பை, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டை, தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுப்பது. கல்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் அதில் இருக்கின்றன. தனித்தனியாக அளக்கும் கரைச்சல் இல்லை. தொட்டிக்குள் போனதும் அது தண்ணீரில் உள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து இருகாபனேற்றாகிவிடும். பிஎச் தாழ்ந்து கிடக்கும் இரவு நேரத்தில் விட்டால் அதையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்.

முதல்முதல் நான் குசினியில் இதைக் கலக்கிக்கொண்டு நின்றபோது அம்மம்மா வந்து எட்டிப் பார்த்தா. "சுண்ணாம்போ மோனை? மூடி வை, ஆடை கட்டிப் போடும். அடியைக் கலக்காமல் மேலாலை எடு" என்றா. நான் ஒரு மணித்தியாலம் இருந்து வாசித்த மூன்று விதிகளும் அந்த இரண்டு வசனத்துக்குள் இருந்தன. வெற்றிலைத் தட்டத்தில் சுண்ணாம்பு வைத்திருந்த கை அது. அவ சொன்ன ஆடை என்பது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு பட்டு மேலே உறையும் கல்சியம் காபனேற்று. விரலால் தொட்டால் மெல்லிய கண்ணாடித்தாள்போல நொருங்கும். நீறு மீண்டும் கல்லாகிறது. அப்படி உறைந்தது பவளத்துக்குப் பயன்படாது. அதனால் கலன் மூடியே இருக்க வேண்டும்.

ஆனால் அம்மம்மாவின் தட்டத்துச் சுண்ணாம்பைத் தொட்டிக்கு எடுக்கக்கூடாது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் கூடாது. அவற்றில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று சொல்ல முடியாது. உணவுத் தரத்துக் கல்சியம் ஐதரொட்சைட்டு என்று எழுதியதை வாங்குங்கள். லீற்றருக்கு 2 கிராம் போட்டால் போதும். 1.5 கிராம் அளவுதான் கரையும், மிச்சம் அடியில் மண்டும். வெந்நீரில் இன்னும் நன்றாகக் கரையும் என்று நினைக்காதீர்கள். இந்தப் பொருள் சூட்டில் குறைவாகத்தான் கரையும். தெளிந்த நீரின் பிஎச் 12க்கு மேல். கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்கவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பார்ப்பதற்குக் குடிதண்ணீர்போலவே இருக்கும் என்பதுதான் பயம்.

அளவு இப்படி: நன்றாகச் செறிந்த சுண்ணாம்பு நீர் 1 லீற்றர், 200 லீற்றர் தொட்டியின் கேஎச்சை அரைப் பாகைக்குச் சற்று மேல் உயர்த்தும். நாளுக்கு 0.2 வேண்டும் என்றால் 350 மில்லிலீற்றர். சேலைன் ஏற்றும் குழாயின் உருளையைத் திருகி, மூன்று செக்கனுக்கு ஒரு சொட்டு என்று வைத்துவிட்டால் இரவு முழுக்க மெல்ல இறங்கும். ஒரேயடியாக ஊற்றினால் தண்ணீர் பால்போல் கலங்கி, அந்தச் சரக்கும் வீணாகி, மீனுக்கும் ஆபத்து.

இங்கே யாழ்ப்பாணத்து வெக்கையும் ஒரு கணக்கில் வருகிறது. தொட்டியைக் குளிர்விக்க நான் இரண்டு சின்ன மின்விசிறி பூட்டியிருக்கிறேன். அவை தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கின்றன. சித்திரை, வைகாசியில் நாளுக்கு நாலு லீற்றர் வரை போய்விடும். உப்பு ஆவியாகாது. ஆகவே திரும்ப ஊற்றுவது நன்னீராக இருக்க வேண்டும். அந்த நன்னீருக்குள்ளேயே 350 மில்லிலீற்றர் சுண்ணாம்பு நீரைக் கலந்து சொட்டவிட்டால் ஒரே வேலையில் இரண்டும் முடியும். நாலு லீற்றரையும் முழுச் சுண்ணாம்பு நீராகவே விட்டால் கேஎச் ஒரு நாளில் 2 பாகைக்கு மேல் ஏறிவிடும். அப்படி ஏறினால் என்ன நடக்கும் என்று நான் என் கண்ணால் கண்டவன்.

இரண்டாம் வருடம் அது. ஒரு கலியாண வீட்டு அலுவலில் பத்து நாள் சோதனை பார்க்கவில்லை. வந்து சொட்டு எண்ணினால் ஆறாவது சொட்டிலேயே மஞ்சள். பதறிப்போய் அன்றிரவே அப்பச்சோடாவைக் கணக்குப் பார்த்து, 9 வரும் அளவுக்கு முழுவதையும் கரைத்து ஊற்றினேன். கணக்கு சரி. செய்த வேகம் பிழை. மூன்றாம் நாள் காலையில் அக்ரோபோரா என்ற கல்பவளத்தின் நுனிகள் எல்லாம் நெருப்புக்குச்சி முனையைச் சுரண்டியதுபோல வெள்ளையாக நின்றன. தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. கேஎச் 6இல் அது பத்து நாள் உயிரோடு இருந்தது. ஒரு இரவில் 3 பாகை ஏறியதைத்தான் தாங்கவில்லை. நாளுக்கு 1 பாகைக்கு மேல் ஏற்றாதீர்கள். அரைப் பாகையோடு நின்றால் இன்னும் நல்லது. 7.5 என்றால் 7.5இலேயே வைத்திருங்கள். ஒருவர் 8 என்பார், இன்னொருவர் 9 என்பார். நிலையாக நிற்கும் எண்தான் பவளத்துக்கு நல்ல எண்.

தண்ணீர் பளிங்குபோல இருக்க வேண்டும் என்று நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் சுழிக்கு இறக்குகிறவர்களும் கேஎச்சை உயர்த்தி வைக்கக்கூடாது. சாப்பாடு இல்லாமல் கட்டட வேலை மட்டும் வேகமானால் நுனி கருகும். நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை, பொசுபேற்று 0.03 முதல் 0.1 வரை இருப்பது பவளத்துக்குத் தேவையான ஊட்டம்.

எங்கள் கிணற்றிலேயே சுண்ணாம்பு இருக்கிறதே

இதை எங்கள் சின்ன மாமா கேட்டார். "தம்பி, கேத்திலுக்குள்ளை பார், எவ்வளவு வெள்ளை படிஞ்சு கிடக்கு. அந்தத் தண்ணியையே விடலாமே, ஏன் காசைக் கரியாக்கிறாய்?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து மென்மையான அமிலமாகி, கீழே இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து குடைந்து இடிந்ததால் வந்த பள்ளம்தான். கேத்திலில் படிவதும் அந்தக் கரைந்த கல்தான். பெரிய தொட்டிக்காரர் வைத்திருக்கும் கல்சியம் ரியாக்டர் என்ற கருவியும் இதையேதான் செய்கிறது: ஒரு குழாய்க்குள் கல்லை நிரப்பி, காபனீரொட்சைட்டு விட்டு, கரைத்து எடுக்கிறது.

பிரச்சினை அதோடு கூட வருவதில் இருக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம் அதே வழியால் கீழே போகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் கண்டது. 50 என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 லீற்றர் ஊற்றினால் மாதத்துக்கு 120 லீற்றர். அதில் 6000 மில்லிகிராம் நைத்திரேற்று. 200 லீற்றர் தொட்டியில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராம். தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று ஆவியாகாது. இரண்டு மாதத்தில் கல்லெல்லாம் பச்சைப் பாசி மூடும். கிணறு உவர் என்றால் உப்புச்செறிவும் சேர்ந்து ஏறும். மாமாவுக்கு இந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதிக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்துவிட்டு, "அப்ப நாங்கள் குடிக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த மாதம் அவர் வீட்டிலும் ஒரு ஆர்ஓ வடிகட்டி பூட்டினோம்.

தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீர்தான். கரைந்த திண்மத்தைக் காட்டும் டிடிஎஸ் மீற்றர் ஒன்று வாங்கி, சுழி காட்டுகிறதா என்று பாருங்கள். ஆர்ஓ மட்டும் சுழிக்குக் கொண்டுவராது. பின்னால் ஒரு பிசின் குழாய் பூட்ட வேண்டும்.

கடல்நீரை அள்ளலாமா என்றால், திறந்த கடலில் துறைமுகத்துக்கும் வாய்க்காலுக்கும் விலகி அள்ளி, உப்புச்செறிவு பார்த்து, கேஎச் பார்த்து எடுக்கலாம். களப்புத் தண்ணீர் வேண்டாம். மாரியில் நீர்த்துப்போகும், கோடையில் உப்பேறிப் போகும். மாரிக் காலத்தில் வடகரைக் கடலும் கொஞ்சம் நீர்க்கும். ஆனையிறவு உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யலாமா என்று கேட்டவர்களும் உண்டு. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் படிவது கல்சியம் காபனேற்று, அடுத்தது ஜிப்சம், பிறகுதான் உப்பு. மக்னீசியம் கடைசிவரை அந்தக் கசப்பு நீரிலேயே நின்றுவிடும். ஆக, உப்பளத்து உப்பு கறிக்கு நல்லது. பவளத்துக்கு வேண்டிய மூன்றும் அதில் இல்லை. பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்பை வாங்குங்கள்.

எண் இறங்காமல் நின்றால்

இவ்வளவும் எண் இறங்குவதைப் பற்றிச் சொன்னேன். இறங்காமல் நிற்பதும் ஒரு செய்திதான்.

போன சித்திரையில் எங்கள் தொட்டி நாளுக்கு 0.4 தின்றுகொண்டிருந்தது. ஒரு காலை 8.2. அடுத்த நாள் வழமையான அளவு விட்டும் 8.5. அதற்கடுத்த நாள் 8.9. பவளம் எல்லாம் நிறம் மாறாமல், விரிந்து, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. நான் விட்ட அளவு மாறவில்லை, எண் ஏறுகிறது என்றால் யாரோ சாப்பிடாமல் விட்டிருக்கிறார்கள். வெப்பமானியைப் பார்த்தேன். மதியத்தில் 31. விசிறி ஒன்று நின்று போயிருந்தது, சத்தம் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. சூடு கூடினால் பவளத்துக்கும் அதன் பாசிக்கும் உள்ள உறவு முறியும், பாசி வெளியேறும், வெளிறும்; கடலில் பார்கள் வெளிறுவதும் இப்படித்தான். அதற்கு முன்னமே பவளம் கட்டட வேலையை நிறுத்திவிடுகிறது.

சுண்ணாம்பு நீரை அன்றே நிறுத்தினேன். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த போத்தலை மூடியோடு மிதக்கவிட்டு, அரை நாளில் ஒரு பாகை என்ற கணக்கில் மெல்லக் குளிரச் செய்தேன். விளக்கைப் பாதியாகக் குறைத்தேன். புது விசிறி பூட்டி, 27க்கு வந்து, பிறகும் ஐந்து நாள் கொப்பியில் 8.9 தான். ஆறாம் நாள் காலையில் விளக்கு எரிய முன் குழாயைக் கையில் எடுத்துச் சொட்டு எண்ணினேன். எட்டரையில் மஞ்சள் விழுந்தது.